‘ஃபர்ஸ்ட் கிளாஸ் சாப்’ என்கிற வியாதி

பட்டாளத்திலிருந்து வந்தவருக்கு ஊன ஓய்வூதிய மனு எழுதிக் கொடுப்பதும் மாட்டுக்கு வைத்தியம் பார்ப்பதும் ஏறக்குறைய ஒரே தொழில்தான்; எங்கே வலிக்கிறது என்று தொட்டால் மாடாவது உதைக்கும், இவர் சல்யூட் அடிப்பார்.

இது என் சம்பளத் தொழில் இல்லை. சம்பளத்துக்கு நான் ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் எடை மேடையில் நைட் ஷிப்ட் பார்க்கிறவன். லாரி வரும், மேடையில் ஏறும், எடை போட்டுச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பேன், லாரி போகும். இரண்டு லாரிகளுக்கு நடுவே தூங்கவும் கூடாது, விழித்திருக்கக் காரணமும் கிடையாது. அந்த இடைவெளியில் என் கூட்டாளிகள் சிலர் குடிக்கக் கற்றுக்கொண்டார்கள். நான் அரசாங்கக் கடிதம் படிக்கக் கற்றுக்கொண்டேன். எது உடம்புக்கு அதிகக் கெடுதல் என்பது இன்னும் தெளிவாகவில்லை.

எங்கள் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிகள் எல்லாருமே முன்னாள் ராணுவம். அதில் ஒருவர் ஒரு முறை பென்ஷன் கடிதத்தை நீட்டி, "இதுல என்ன சொல்றாங்கன்னு பாருங்க" என்றார். பார்த்தேன். கடிதம் எழுதியவருக்கே அது தெரிந்திருக்காது என்று பட்டது. அந்தப் பிடிவாதத்தில் விதிகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்து, இப்போது ஷிப்ட் முடிந்ததும் ஜூஜுவாடி டீக்கடை பெஞ்சில் எனக்கென்று ஒரு சிறு கூட்டம் காத்திருக்கிறது. நான் செய்வதெல்லாம் ஒன்றே ஒன்று. கிருஷ்ணகிரியில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, காசில்லாமல் செய்து தருகிறார்கள் என்று சொல்லி, அந்த வாசல்படி வரை கூடப் போவேன்.

ஏதாவது ஓர் ஆபீஸில் ‘அடுத்த ஜன்னல்ல கேளுங்க’ என்ற பதிலை வாங்கி, அடுத்த ஜன்னலில் ‘முந்தின ஜன்னல்ல கேளுங்க’ என்ற பதிலையும் வாங்கியவர்கள் மேலே படிக்கலாம். மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அவர்களுக்கு இது புரியாது.

கர்னல் கேட்ட கேள்வி

மாதையன் கல்லாவிக்காரர். ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் மெயின் கேட்டில் ராத்திரிக் காவல். பனிமலையில் ரேஷன் ஏற்றிப்போன வண்டி சறுக்கிக் கவிழ்ந்ததில் இடது முழங்காலுக்குள் ஒரு தகடும் சில ஆணிகளும் குடியேறின. வேலையின்போது பட்ட அடி என்று ஃபைலிலேயே இருக்கிறது. ஊன ஓய்வூதியமும் சேர்ந்து வந்திருந்தால், ராத்திரி முழுக்க நிற்கும் இந்த வேலைக்கு அவர் வந்திருக்கவே வேண்டாம். அவருடைய ஆசை பெரிய ஆசை ஒன்றுமில்லை. உட்கார வேண்டும்.

அது ஏன் வரவில்லை? ஓய்வு பெறும்போது மெடிக்கல் போர்டு என்று ஒன்று உண்டு. டாக்டர்கள் பார்த்து, உடம்பில் எத்தனை சதவீதம் சேதம் என்று எழுதுவார்கள். ஒரு வரம்புக்குக் கீழே போனால் அந்த ஓய்வூதியம் கிடையாது. மாதையன் உள்ளே போயிருக்கிறார். கர்னல் பதவியில் இருந்த டாக்டர் நிமிர்ந்து, "கைஸே ஹோ?" என்று கேட்டிருக்கிறார். எப்படி இருக்கிறாய் என்று அர்த்தம். இவர் தரை அதிரக் குதிகாலைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, "ஃபர்ஸ்ட் கிளாஸ் சாப்!" என்று முழங்கியிருக்கிறார். ஃபர்ஸ்ட் கிளாஸாக இருக்கிறவனுக்கு எத்தனை சதவீதம் போடுவார்கள்? சதவீதம் வரம்புக்குக் கீழே போய் உட்கார்ந்துவிட்டது. இவர் மட்டும் நின்றுகொண்டிருக்கிறார்.

"ஆணி குத்துது, படி ஏற முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றேன். ஏதோ நான் கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி பார்த்தார்.

"கேக்கறது கர்னலுங்க. கர்னல்கிட்டப் போயி யாராச்சும் கால் வலிக்குதுன்னு சொல்லுவாங்களா? நல்லாவா இருக்கும்?"

ஒரே கால், இரண்டு உத்தியோகம்

நல அலுவலகத்தில் அவருக்காக அப்பீல் போட்டாயிற்று. பதில் வருகிற வரை மாதையன் கேட்டில் நிற்க வேண்டும். செக்யூரிட்டி உட்கார்ந்தால் தூங்கிவிட்டான் என்று அர்த்தம். ஆகவே கேட்டில் நாற்காலி கிடையாது. இந்தச் சட்டத்தைப் போட்ட சூப்பர்வைசர், அதைத் தன் சுழல் நாற்காலியில் இருந்தபடியே போட்டார்.

ஆக நிலைமை இது. அரசாங்கத்திடம் அந்தக் கால் சரியில்லை என்று நிரூபிக்க வேண்டும். செக்யூரிட்டி காண்ட்ராக்டரிடம் அதே கால் நன்றாக இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். ஒரு நாள் மாதையன் கேட் கம்பியில் லேசாகச் சாய்ந்ததை சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். திட்டவில்லை. அவர் திட்டுகிற ரகமே இல்லை. தோளில் கை போட்டு, தாய்மாமன் மாதிரிக் கரிசனத்தோடு சொன்னார்.

"வலி கிலி இருந்தா மறைக்காம சொல்லிடுங்க மாதையன். நாளைக்கே வேற ஆளைப் போட்டுடலாம்."

இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை

டீக்கடைக்கு நாலு கடை தள்ளி, நெடுஞ்சாலையைப் பார்த்தபடி ஒரு பென்ஷன் கன்சல்டன்ட் இருந்தார். பட்டாளத்தின் பக்கம் தலை வைத்துப் படுத்தவர் இல்லை. ஆனால் அடர்பச்சைப் புள்ளிச் சட்டை இல்லாமல் வெளியே வர மாட்டார். வாசலில் ஃபிளெக்ஸ்: ‘நூறு சதவீத ஊனம் உத்தரவாதம்.’ அதைப் படித்துவிட்டு லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

எதற்கும் தெரிந்துகொள்வோம் என்று மாதையனோடு உள்ளே போனேன். வருகிற பாக்கித் தொகையில் பாதி அவருக்கு. அதற்கு ஈடாக இப்போதே கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக். பென்ஷன் போர்ட்டலில் நம் மொபைல் நம்பரை எடுத்துவிட்டுத் தன் நம்பரைப் போட்டுக்கொள்வார். அதற்குப் பிறகு அரசாங்கம் உங்களிடம் ஏதாவது சொல்ல நினைத்தால் அவரிடம்தான் சொல்லும். "உங்களுக்கு இதுக்கெல்லாம் அங்கீகாரம் இருக்குங்களா?" என்று கேட்டேன். பெருமையோடு சுவரைக் காட்டினார். சட்டம் போட்ட ஒரு சான்றிதழ் தொங்கியது. எழுந்து போய்ப் படித்தேன். கடையில் இருக்கும் தீயணைப்புக் கருவி நல்ல நிலையில் உள்ளது என்பதற்கான சான்று.

திரும்பி வந்து டீ மாஸ்டரிடம், இவர் மேல் யாரும் புகார் கொடுக்கவில்லையா என்று கேட்டேன். மாஸ்டர் லாரி டிரைவரிடம் கன்னடத்தில் பாக்கி கேட்டு, உள்ளே இருந்த மனைவியிடம் தெலுங்கில் பால் கேட்டு, கடைசியில் தமிழுக்கு வந்தார்.

"கர்நாடகா ஆளுங்க கேட்டா ஹெட் ஆபீஸு ஓசூரும்பாரு. நம்மாளுங்க கேட்டா எல்லைக்கு அந்தாண்ட அத்திப்பள்ளிம்பாரு. இந்த ஸ்டேஷன்ல போனா அங்க போங்கறாங்க, அங்க போனா இங்க போங்கறாங்க. அவரு நடுவுல உக்காந்து நல்லா சாப்புடறாருண்ணா."

சும்மா கிடைப்பதன் மரியாதை

மாதையனின் மனைவி ராணிக்கு ஒரு பம்ப் கம்பெனியில் பேக்கிங் வேலை. கணக்கில் கெட்டி. ராத்திரி வேலை முடிந்து வரும் புருஷன் சுவரைப் பிடித்து நடப்பதைத் தினமும் பார்க்கிறவர். அப்பீலுக்குப் பதில் வந்து, மறுபடி மெடிக்கல் போர்டுக்கு வரச்சொல்லித் தேதி கொடுத்திருந்தார்கள். நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி காரியம் ஜெயித்த மாதிரி சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தெரிந்தது, அந்த அம்மா எங்களுக்குத் தெரியாமல் கன்சல்டன்டிடம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.

"ஏம்மா, கிருஷ்ணகிரியில எல்லாம் இலவசமா செஞ்சு குடுத்துட்டாங்களே, நானும் ஒத்தப் பைசா கேக்கலையே?" என்றேன், கொஞ்சம் மனம் நொந்துதான். ஷிப்ட் முடிந்து தூங்க வேண்டிய தூக்கத்தையெல்லாம் நான் இவர்களுக்காக விட்டிருந்தேன். ராணி கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"அதாண்ணா எனக்கும் பயமா இருந்துச்சு. காசே வாங்கலைன்னா உங்களுக்கு வேலை தெரியலைன்னுதானே அர்த்தம்?"

கோவிந்தனின் நடை

பாரூர் கோவிந்தன் பீரங்கிப் படையில் இருந்தவர். பீரங்கிக்குப் பக்கத்திலேயே உத்தியோகம் முடிந்ததில் இரண்டு காதும் போய்விட்டன. நிஜமாகவே போய்விட்டன. கன்சல்டன்டிடம் போய்ச் சேர்ந்தார். கன்சல்டன்ட் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பயிற்சி நடத்துவார். எல்லாருக்கும் ஒரே பாடம்: நொண்டி நடப்பது. காதோ, முதுகோ, நெஞ்சோ, அவருக்கு அக்கறையில்லை. ஊனம் என்றால் நொண்டி. ஃபிளெக்ஸிலும் அந்தப் படம்தான் போட்டிருக்கிறார்.

கோவிந்தன் போர்டுக்கு நொண்டியபடி போனார். டாக்டருக்குக் குழப்பம். ஃபைலைப் புரட்டினார். காதுக்கு வந்தவன் எதற்குக் காலை இழுக்கிறான்? ஏதோ கேட்டார். பதில் இல்லை. இன்னும் சத்தமாகக் கேட்டார். கோவிந்தன் இன்னும் நன்றாக நொண்டிக் காட்டினார். மிகைப்படுத்தி நடிக்கிறார் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். நொண்டி பொய் என்றதும், காதும் பொய்யாகிவிட்டது. பழையபடி முதலிலிருந்து நடக்க வேண்டும். நல அலுவலகத்தில் இப்போதுதான் மறுபடி மனு எழுதியிருக்கிறார்கள்.

"டாக்டர் அப்படி என்னதான் கேட்டாரு?" என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன். கோவிந்தன் படித்துவிட்டு வருத்தத்தோடு என்னைப் பார்த்தார்.

"என்னமோ கேட்டாருங்க, பாவம். எனக்குத்தான் காது கேக்காதே."

நல்ல காலின் மானம்

பெண்டாட்டி உத்தரவும் உத்தரவுதான் என்பதால், மாதையனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பயிற்சிக்குப் போய் வந்தார். மறுநாள் டீக்கடை முன்னால் நடந்து காட்டச் சொன்னேன். நடந்தார். தகடு இருப்பது இடது காலில். வலது காலை இழுக்கிறார். கன்சல்டன்ட் எதிரே நின்று தன் இடது காலை இழுத்துக் காட்டியிருக்கிறார். கண்ணாடியில் பார்ப்பதுபோல் வகுப்பே வலது காலில் நொண்டக் கற்றுக்கொண்டு வந்துவிட்டது.

"இது வேண்டாங்க, கோவிந்தனுக்கு ஆனது உங்களுக்கும் ஆகிடும். தகடும் ஆணியும் நிஜம். இருக்கறத இருக்கற மாதிரி சொன்னாப் போதும்" என்று கிட்டத்தட்டக் கெஞ்சினேன். அவருக்கும் அந்த நடை பிடிக்கவில்லை. ஆனால் காரணம் வேறு.

"ரைட்டு கால் தங்கமான காலுங்க. இந்த லெஃப்ட்டையும் சேத்து அதுதான் சுமந்துட்டு வருது. அதப் போயி நொண்டின்னு அவமானப்படுத்தறதுக்கு எனக்கு மனசு வரல."

வலிக்கு இந்தியில் என்ன?

பொய் நொண்டியை விடச் செய்தாயிற்று. அடுத்தது, நிஜ வலியைச் சொல்லப் பழக்க வேண்டும். அது இன்னும் கஷ்டம் என்று எனக்கு அப்போது தெரியாது. டீக்கடை பெஞ்சில் நான் டாக்டராக உட்கார்ந்தேன். "எப்படி இருக்கீங்க?" என்று தமிழில் கேட்டேன். "படி எறங்கறதுன்னா பின்பக்கமாத்தாங்க எறங்கறேன். குத்த வச்சு உக்காந்தா எந்திரிக்க முடியாது. ராணிதான் தூக்கி விடணும்" என்று அழகாகச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூக்கக் கலக்கமாகவும் இருக்கலாம்.

சரி, அங்கே இந்தியில்தானே கேட்பார்கள் என்று, லாரிக்காரர்களிடம் பொறுக்கிய என் இந்தியில், "கைஸே ஹோ?" என்றேன். அவ்வளவுதான். மனிதர் அட்டென்ஷனில் எழுந்து நின்றார். "ஃபர்ஸ்ட் கிளாஸ் சாப்!" பக்கத்து பெஞ்சில் இருந்த டிரைவர் திடுக்கிட்டு டீயைக் கொட்டிக்கொண்டார். மறுபடி கேட்டேன். மறுபடி ஃபர்ஸ்ட் கிளாஸ். தமிழில் அவர் நோயாளி, இந்தியில் அவர் சிப்பாய். அதற்கு நடுவில் ஒரு செக்போஸ்ட் இருந்தது. அதைத் தாண்டி வலியை மட்டும் விட மறுத்தது.

"தர்த்னு ஒரு வார்த்தை இருக்குதே, வலின்னு அர்த்தம். அதை மட்டும் சொல்லுங்களேன்" என்றேன். அவர் அந்த வார்த்தையை வாய்க்குள் போட்டுப் பார்த்தார். வெளியே வரவில்லை.

"தெரியுங்க. ஆஸ்பத்திரில பக்கத்துல படுத்திருந்தவன் சொல்லிக் கேட்டிருக்கேன். நான் சொன்னதில்லீங்க."

திரைக்குக் கீழே

போர்டு நாள் வந்தது. கர்நாடகா எல்லை தாண்டி, ராணுவ ஆஸ்பத்திரிக்கு மூவரும் பஸ்ஸில் போனோம். வழி நெடுக ராணி, "நொண்டலைன்னாலும் பரவால்ல, வலிக்குதுன்னு வாயத் தெறந்து சொல்லிடு" என்று மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொண்டே வந்தார். மாதையன் சட்டைக்கு இஸ்திரி போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வந்திருந்தார். பாலிஷைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. நோயாளி எவனாவது ஷூவில் முகம் பார்ப்பானா?

டாக்டர் அறைக்கு அரைத் திரைதான். நானும் ராணியும் எதிர் பெஞ்சில். திரைக்குக் கீழே கால்கள் மட்டும் தெரிந்தன. பாலிஷ் போட்ட ஷூக்கள் உள்ளே போயின. "கைஸே ஹோ?" என்று குரல். ஷூக்கள் டக்கென்று சேர்ந்தன. "ஃபர்ஸ்ட் கிளாஸ் சாப்!" ராணி தலையில் கை வைத்துக்கொண்டார். நான் எழுந்து வெளியே போய்விடலாமா என்று யோசித்தேன். இத்தனை ராத்திரி படித்த விதிகளில் இதற்கு ஒரு விதியும் இல்லை.

அந்த டாக்டர் இந்த மாதிரி ஃபர்ஸ்ட் கிளாஸ்களை நிறையப் பார்த்திருப்பார் போல. கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு, மைதானத்தில் கேட்கிற குரலில் உத்தரவு போட்டார்: "ஹவில்தார், நீச்சே பைட்!" தரையில் உட்கார் என்று. உத்தரவாயிற்றே. மாதையன் சடாரென்று உட்கார்ந்தார். திரைக்குக் கீழே அவருடைய முழங்கால் வந்தது, அப்புறம் இடுப்பு, கைகள். "உட்!" எழுந்திரு. வலது ஷூ ஊன்றியது. இடது ஷூ வழுக்கியது. கை மேஜைக் காலைத் தேடியது. மறுபடி ஊன்றியது, மறுபடி வழுக்கியது. ராணி என் பக்கத்திலிருந்து எழுந்துவிட்டார். தரையிலிருந்து, மூச்சு வாங்க, அந்தக் குரல் வந்தது: "ஃபர்ஸ்ட்... கிளாஸ்... சாப்."

ராணி திரையை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடி, தினமும் தூக்குகிற மாதிரியே அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். டாக்டர் தடுக்கவில்லை, அவர்கள் எழுந்து நிற்கிற வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுத ஆரம்பித்தார். பேனாவை வைக்காமலே இந்தியில் சொன்னார். தமிழில் இப்படி வரும்:

"போதும் ஹவில்தார். இனி உன் முழங்கால் பேசட்டும். நீ வாயைத் திறக்காதே, இது உத்தரவு."

ஃபிளெக்ஸில் ஒரு சாதனையாளர்

சில மாதம் கழித்து ஓய்வூதிய உத்தரவு வந்தது. அந்த வாரமே நெடுஞ்சாலையில் புது ஃபிளெக்ஸும் வந்தது. அதில் மாதையன் பழைய யூனிஃபார்மில், அட்டென்ஷனில், நூறு சதவீதம் ஆரோக்கியமாக நிற்கிறார். மேலே, ‘எங்களால் பயன்பெற்ற மற்றுமொரு மாற்றுத்திறனாளி.’ அட்வான்ஸோடு கொடுத்த போட்டோவாம். ராணிக்கு அதில் ஒரு சந்தோஷம். "பாத்தீங்களாண்ணா, அந்த அட்வான்ஸ் வீண் போகல" என்றார்.

கன்சல்டன்ட் பாதிப் பங்கு கேட்டு போன் மேல் போன் அடித்தார். நல்லவேளை, அட்வான்ஸ் போதும் என்று ராணி வெற்றுச் செக்கைக் கொடுத்திருக்கவில்லை. என்ன ஆகுமோ என்று எனக்குத்தான் கவலை. மாதையன் கலங்கவே இல்லை. சண்டையும் போடவில்லை. ஆபீஸ்களில் வாழ்க்கை முழுக்கக் கேட்டுப் பழகிய பதிலைப் பணிவாகச் சொன்னார். எதையுமே காகிதத்தில் எழுதித் தராத கன்சல்டன்ட் அதற்குப் பிறகு போன் அடிக்கவில்லை.

"எந்த விதிப்படி பங்குன்னு எழுத்துல குடுத்துடுங்க சார். மேலிடத்துக்கு அனுப்பி பர்மிஷன் வந்ததும் குடுத்துடறேன்."

என் நாற்காலி

மாதையன் வேலையை விட்டுவிட்டார். போன வாரம் சாயந்திரம், ஷிப்ட் தொடங்குகிற நேரத்தில், எடை மேடை அறைக்கு வந்தார். வேட்டி, செருப்பு. என் நாற்காலியை இழுத்துப் போட்டேன். காலை நீட்டி, முதுகைச் சாய்த்து, ஆற அமர உட்கார்ந்தார். அந்தக் கம்பெனி வளாகத்துக்குள் அவர் உட்கார்ந்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவர் இடத்தில் புதிதாக வந்த செக்யூரிட்டி, அவரும் முன்னாள் ராணுவம்தான், கேட்டில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். இடுப்பை லேசாகப் பிடித்துக்கொண்டு.

அப்போது பார்த்து சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வந்தார். மாதையனின் கைகள் நாற்காலிப் பிடியை இறுக்கின. எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழவில்லை. உட்கார்ந்தபடியே இருந்தார். "என்ன மாதையன், கால் ரொம்ப மோசமாமே, எப்படி இருக்கீங்க?" என்று சூப்பர்வைசர் கேட்டார். உட்கார்ந்த இடத்திலேயே மாதையனின் முதுகு நிமிர்ந்தது, செருப்புக் குதிகால்கள் தாமாகவே சேர்ந்தன.

"ஃபர்ஸ்ட் கிளாஸ் சார்!"

காலுக்கு அரசாங்கம் ஓய்வூதியம் கொடுத்துவிட்டது, இந்த வியாதிக்குத்தான் எந்த விதியிலும் சதவீதம் இல்லை. விடியற்காலை வீட்டுக்குப் போனதும் எப்படி இருக்கீங்க என்று என் மனைவி கேட்டால், பட்டாளத்துக்கே போகாத நானும் அதைத்தான் சொல்லிவிட்டுப் படுக்கிறேன்.